நாலாவது பெயர்

தூணில் நாலாவதாக வெட்டியிருக்கும் பெயரை நான் இதுவரை வாய்விட்டுப் படித்ததில்லை. மொத்தம் ஏழு பெயர்கள், போருக்குப் போய்த் திரும்பாத மலைக்காரர்களுடையவை. மற்ற ஆறையும் தடங்கலில்லாமல் படித்துவிடுவேன். நாலாவதற்கு வந்ததும் நாக்கு நின்றுவிடும். என் அத்தானுக்கும் அதே பெயர்தான். அத்தான் பட்டாளத்துக்காரர் இல்லை, துப்பாக்கியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கூட இல்லை. பழனி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர் அது. இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. தூணின் அடியில், அந்த ஏழு பேருடைய எழுத்தையும்விடப் பெரிய எழுத்தில், ‘உபயம்’ என்று போட்டு இன்னொரு பெயர் இருக்கிறது. அதையும் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

அக்கா, அத்தான், நான் மூவரும் எழுபதுகளின் கடைசியில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மண்டபம் முகாமில் ஒருவர் எங்களைத் தேடி வந்து, கொடைக்கானல் மலையில் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, உங்கள் தோட்டத்துக் குளிர் மாதிரியே குளிரும் இருக்கிறது என்றார். குளிர் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. போளூருக்கும் அப்பால் காட்டுக்குள் லாரி எங்களை இறக்கிவிட்ட இடத்துக்குக் கூப்பு என்று பெயர். வாட்டில் மரங்களை வெட்டிப் பட்டை உரிக்க வேண்டும். பட்டை, தோல் பதனிடும் ஊர்களுக்குப் போகும். எங்கள் குடும்ப அட்டையை, “பத்திரமா எங்கிட்ட கெடக்கட்டும்” என்று மேஸ்திரி வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒருவர் போனால், அதே குடும்பத்தில் இன்னொருவர் கூப்பில் நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதை இரண்டு முறை எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் காட்டினார்கள். மூன்றாவது முறை காட்ட வேண்டிய தேவை வரவில்லை.

காலையில் வெள்ளனே பெரட்டு. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கூப்பு மேஸ்திரியும் எங்களிடமிருந்து அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். அத்தான் ஒருநாளும் பெரட்டுக்கு நேரத்தோடு எழுந்த மனிதரில்லை. போர்வைக்குள் கிடந்து இன்னும் ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே சிலோனில், கல்யாணமான மறுநாளே, அவர் பெயர் கூப்பிட்டபோது பின் வரிசையிலிருந்து அக்கா “இருக்காருங்க!” என்று குரல் கொடுத்தாளாம். கணக்குப்பிள்ளை நோட்டிலிருந்து தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று கடைசிவரை அவள் வாயால் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பதில் சொல்வது மட்டும் அவள் வேலை. “எம் பேருக்குச் சொன்னத விட அவரு பேருக்குத்தான் நான் கூடுதலா ஆஜர் சொல்லியிருக்கேன்” என்று சிரிப்பாள். கூப்பில் நாங்கள் சிரிக்கிற மாதிரி இருந்த ஒரே பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆகஸ்ட் மாதம். கொடைக்கானலில், மலையிறங்கும் சாலையோரத்தில், போரில் இறந்தவர்களுக்கு நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள், சுதந்திர தினத்தன்று திறக்கிறார்கள், கூட்டம் வேண்டும், நாம் எல்லோரும் போகிறோம் என்று மேஸ்திரி சொன்னார். கல்லும் கொத்து வேலையும் கூப்பை ஏலத்துக்கு எடுத்திருந்த எங்கள் காண்ட்ராக்டரின் தர்மம். கைதட்டவும் அவருடைய ஆட்களே வேண்டும் அல்லவா! ஆணும் பெண்ணும் ஒரே நாளில் கூப்பை விட்டு வெளியே போவது அதுதான் முதல் தடவை. அத்தான் அதைக் கேட்டதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் விறகு பொறுக்கும்போது எங்கள் இருவரிடமும் சொன்னார்.

“சந்தைக்குப் பின்னால கோசு லாரி நிக்கும். மூட்டைக்கு நடுவுல படுத்துட்டா பொழுது சாயறதுக்குள்ள வத்தலக்குண்டு. அங்கேயிருந்து மதுரை. கலெக்டர் ஆபீஸ்ல இங்க நடக்கிற அத்தனையும் சொல்லிப்புடுறேன். ரெண்டே நாள், ஆளோட வந்துருவேன்.”

“திரும்பி வர்றப்ப லாரியில பெரட்டு எடுப்பானே?” என்றேன் நான்.

“அதுக்குத்தான் ஒங்க அக்கா இருக்காளே” என்றார். அக்கா சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அடுப்பு ஊதும்போதும் பட்டை கட்டும்போதும் அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ‘இருக்காருங்க’ என்னும்போது குரல் நடுங்காமல் வர வேண்டுமே என்று அவளுக்கு அதே கவலை.

தூணுக்கு எதிரே கயிறு கட்டி எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொடி ஏறிய நேரத்தில் அக்காவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அத்தான் இல்லை. சற்றைக்கெல்லாம் கீழே வளைவில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா என் விரலை நெரித்தாள். காண்ட்ராக்டர் மைக்கில் சுதந்திரத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். உயிரைக் கொடுத்து வாங்கியது, அதை நாம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார். எனக்கு மேஸ்திரியின் பூட்டிய பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு ஒரு அதிகாரி, மறைந்த வீரர்களின் பெயர்களை வாசிப்பதாகச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும், என் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது.

“இருக்காருங்க!”

கூட்டம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு ஐந்தாவது பெயருக்குப் போனார். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பார்வை அக்கா மேல் விழுந்தது, அவள் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. கயிற்றைக் குனிந்து கடந்து வந்தார்.

“ஏ புள்ள, எங்க உம் புருசன்?”

“இங்கனதாங்க… ஒண்ணுக்குப் போயிருக்காக.”

அவர் ஓட்டமாகப் போய் ஜீப்பில் ஏறினார். கூட இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். ஜீப் மலையிறங்கும் பக்கம் போனதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். காலி ஜீப் வேகமாகப் போகும், கோசு ஏற்றிய லாரி மெதுவாகத்தான் போக முடியும். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. தேசிய கீதம் பாடினார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். அக்கா அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் பெரட்டுக்கு மேஸ்திரி வந்தபோது அவர் கால்சட்டையில் முழங்கால்வரை செம்மண் காய்ந்திருந்தது. எங்களை அடிக்கவில்லை. ஏன் ஓடினான், எங்கே ஓடினான் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நோட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார். முன்பெல்லாம் ஓடிப்போனவர்களின் பெயரை, ஆளைப் பிடித்துக்கொண்டு வரும்வரை தினமும் கூப்பிடுவார். பதில் வராத அந்த நேரத்தில் எங்கள் முகங்களைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி. அன்றைக்கு அத்தானுக்கு முந்திய பெயரைக் கூப்பிட்டவர், அடுத்து நேராக அக்காவைக் கூப்பிட்டார். நடுவில் இருந்த பெயரைக் காணோம். அக்கா பதில் சொல்லாமல் நின்றாள். “அவுக பேரக் கூப்பிடலீங்களே” என்று கேட்டாள், ஏதோ அவர் தெரியாமல் தவறவிட்ட மாதிரி. மேஸ்திரி நோட்டைப் பார்த்தபடியே, “அந்தப் பேரு இனிமே வேணாம்” என்றார்.

அதற்கப்புறம் அக்கா எந்தப் பெயருக்கும் பதில் சொன்னதில்லை. சில வருஷங்கள் கழித்து உண்மையாகவே அதிகாரிகள் வந்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், எல்லோரையும் விடுதலை செய்தோம் என்றார்கள். அத்தான் போய்ச் சொல்லி வந்தவர்களா, வேறு யாராவது சொல்லி வந்தவர்களா என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. நோட்டில் அத்தானின் பெயரை அடித்து, பக்கத்தில் ‘ஓடிவிட்டார்’ என்று எழுதியிருந்தது. அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான்தான் அவளுக்காகக் கையைத் தூக்கினேன். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அப்படியே. என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்: “நாந்தாண்டி காட்டிக் குடுத்தேன். வாய் தானாத் தெறந்துக்கிச்சு.” இல்லையென்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. போன வருஷம் பள்ளங்கியில் என் வீட்டில் இறந்தாள்.

இந்த ஆகஸ்டில் நான் தனியாகத் தூணுக்குப் போனேன். சுதந்திரம் என்றால் என்ன என்று இன்றைக்கும் மைக்கில் நிறையச் சொல்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம், அதற்காக வீட்டில் யாருக்கும் அடி விழாது, எனக்குத் தெரிந்த சுதந்திரம் அவ்வளவுதான். அது எனக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கயிறு இல்லை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். ஒரு ஆசிரியை பெயர்களை வாசித்தார். மூன்றாவது முடிந்து நாலாவது வந்தது. என் இரண்டு கைகளும் என் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தன. சாலையில் ஏதோ ஒரு ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஆசிரியை ஐந்தாவது பெயரை வாசித்தார்.