பூட்டிய லாச்சிக்குள் ஓர் எழுத்துப்பிழை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளை யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். ஜின் உண்டு என்று ஓதியிருக்கிறேன், மறுக்கவில்லை, ஆனால் வேறு வேலை இல்லாமல் அது பட்டப்பகலில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் என் மேசைக்கு வரும் என்று சொன்னால் சிரித்திருப்பேன். நீங்களும் சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் புத்தளக் கரைப் பக்கத்து ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம். அங்கே நான் மொழிபெயர்ப்பாளன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வருகிறவர்களுக்குச் சிங்களத்தில் மீன் விற்கத் தெரியும், நோவைச் சொல்லத் தெரியாது. நடுவில் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஏனென்றால் என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. தலையிலிருந்து கால்வரை உறுப்புகள், இழையங்கள் எல்லாவற்றையும் வகை பிரித்து, ஊரில் சொல்லும் பெயர் ஒரு பக்கம், புத்தகத் தமிழ் ஒரு பக்கம், சிங்களம் ஒரு பக்கம் என்று நானே எழுதி வருவது. அதை, கிளினிக்கை ஒட்டிய என் சின்ன அறையில், மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிடுவேன். ஒரே ஒரு சாவிதான், அது என் சேர்ட் பையில் இருக்கும்.

அன்று காலை பிலோமினா என்றொரு பெண் வந்தாள். உச்சமுனையில் கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறவள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பத்து நாளைக்கு முதல் கத்தி சறுக்கி வலது பெருவிரலின் அடியில் ஆழமாக வெட்டியிருக்கிறது. எங்கேயோ தைத்தும் விட்டார்கள். கை முழுக்கத் துணிக்கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"விரல் செத்துப்போச்சு நானா. நரம்பு அறுந்திட்டு" என்றாள்.

நான் டொக்டரிடம் விரலில் உணர்வே இல்லையாம், ஸ்நாயு அறுந்துவிட்டதாம் என்று சிங்களத்தில் சுத்தமாகச் சொன்னேன். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். டொக்டர் நரம்புப் பரிசோதனைக்கு எழுதினார், ஆறு கிழமை கழித்துத் திகதி. பிலோமினா துண்டை வாங்கும்போது அதில் குத்தியிருந்த பின் ஊசி அந்த விரல் நுனியில் பட்டு 'ஸ்' என்று கையை இழுத்தாள். அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பூட்டைத் திறந்து கொப்பியை எடுத்தேன். நரம்பு என்ற சொல்லுக்கு நேரே நான் எழுதியிருந்தது ஸ்நாயு என்ற ஒன்றுதான், ஆணையாக. இப்போது அதன் கீழே நீல மையில் இன்னும் மூன்று சொற்கள் இருந்தன. கயிரு, குழாய், கம்பி. சின்னப் பிள்ளை எழுதியதுபோல எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நம்பினால் நம்புங்கள், யார் எழுதியது என்று யோசிக்கும் முன்பே சிவப்புப் பேனையை எடுத்துக் 'கயிரு' என்பதைக் 'கயிறு' என்று திருத்திவிட்டேன். எழுத்துப்பிழை கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

பேனையை மூடும்போதுதான் உறைத்தது. நம் ஊரில் எதைத்தான் நரம்பு என்று சொல்லவில்லை? இரத்தம் ஓடுவதும் நரம்பு, அது குழாய். நோவைக் கொண்டுபோவதும் நரம்பு, அது கம்பி. விரலை இழுத்து மடக்குகிற தசைநாணும் நரம்பு, அது கயிறு. மூன்றையும் ஒரே சொல்லால் சொல்கிற ஒருத்தி வந்து சொல்ல, வகை பிரிக்கிற நான் யோசிக்காமல், கம்பியை மட்டும் குறிக்கிற ஸ்நாயு என்ற சிங்களச் சொல்லைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பின் ஊசி குத்தியபோது அவள் கையை இழுத்தாளே. கம்பி அறுந்திருந்தால் எப்படி இழுப்பாள்?

ஊருக்குத் திரும்ப அவள் ஏறுகிற கற்பிட்டி பஸ் இரண்டு மணிக்கு. ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது, எடுக்கவில்லை. அவள் ஜன்னலோரம் இருந்தாள். பஸ்ஸில் ஏறி, கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியைப் பேனையால் தொட்டேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

"தெரியுதா தங்கச்சி?"

"ஓம் நானா, குத்துறீங்க."

"அப்ப ஏன் செத்துப்போச்சு எண்டு சொன்னீங்க?"

"மடங்குதில்லையே. மடங்காத விரல வச்சு மீன் வெட்டேலுமா? அப்ப அது செத்ததுதானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அறுந்தது கம்பி இல்லை தங்கச்சி, கயிறு, கயிற்றைத் தைக்கலாம் என்று சொல்லி இறக்கிக் கூட்டிவந்தேன். டொக்டரிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். தசைநாண்தான். இன்னும் சில கிழமை போயிருந்தால் அது சுருங்கி மேலே ஏறிவிடும், பிறகு சேர்ப்பது பெரும் பாடு என்றார். அந்தக் கிழமையே ஒப்பரேஷன் நடந்தது.

இன்று பிலோமினா மீன் வெட்டுகிறாள். விரல் முழுதாக மடங்காது, ஆனால் கையில் கத்தி நிற்கிறது. கிளினிக்குக்கு வரும்போது எனக்குக் கட்டாக் கருவாடு கொண்டுவருவாள். நானும் இப்போது நரம்பு என்று யார் சொன்னாலும் கயிறா, குழாயா, கம்பியா என்று கேட்காமல் டொக்டர் பக்கம் திரும்புவதில்லை. அப்படிக் கேட்டதில் இன்னும் இரண்டு பேர் தப்பித்தார்கள்.

இதோடு நிறுத்தினால், ஏதோ மறதியில் நானே எழுதியிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒப்பரேஷன் முடிந்து வலது கையில் மாக்கட்டோடு கிடந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக இடது கையால் பேனை பிடித்து அவள் எனக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள். 'நானா, கயிரு சேந்திட்டு எண்டு டொக்டர் சொன்னார்.' அதே நடுக்கம், அதே சாய்வு, அதே பிழை. கொப்பியைப் பக்கத்தில் வைத்து எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். அவள் என் அறைக்குள் கால் வைத்ததே இல்லை, கொப்பியில் அந்தச் சொற்கள் வந்த அன்று அவளுக்கு இடது கையால் எழுதவும் வராது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது.

'இந்த முறையும் சிவப்பால திருத்திப்போடாதீங்க.'

நான் சிவப்பால் திருத்தியதை யாருக்கும் காட்டியதில்லை. அவளிடம் கேட்டேன். முந்தி எப்ப நானா திருத்தினீங்க என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். ஏன் அப்படி எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கடிதத்தை நான் திருத்தவில்லை, பிழையோடேயே கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். லாச்சியைப் பூட்டுவதையும் விட்டுவிட்டேன். இரவு வீட்டுக்குப் போகுமுன் நீலப் பேனை ஒன்றைக் கொப்பியின் மேல் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.