ஏழு குண்டி அரசிக்கு நேர்ந்தது

ஊதா ரயிலில் தமிழ், பச்சை ரயிலில் ஒன்றுமில்லை, மஞ்சள் ரயிலில் டிராகன்கள். இப்போதைக்கு என் வாசிப்பு அட்டவணை இதுதான். பெங்களூர் அல்சூரில் மெட்ரோ ஏறி, இரண்டு இடங்களில் மாறி, ஹெப்பகோடியில் இறங்குகிறேன். ஊதாவில் ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்பதால் மெலிந்த தமிழ் நாவல்கள். பச்சையில் பக்கத்தில் நிற்பவரின் முதுகுப்பையில் எழுதியிருப்பதை மட்டும்தான் படிக்க முடியும். மஞ்சளில் உட்கார இடம் கிடைத்தால், கைபேசியில் தடித்த ஆங்கில மாயக்கதைகள். தொடக்கத்தில் ஒரு வரைபடமும் கடைசியில் அரச குடும்பத்தின் வம்சாவளியும் இருக்கும் ரகம்.

நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், தமிழில். பூமிக்குள் இறங்கும் ஏழு பெரிய பள்ளங்கள், ஒவ்வொன்றின் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், அடியில் வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கும் மனிதர்கள், அவர்களுக்கு ஓர் அரசி. எங்கள் வீட்டில் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் கோலார் தங்கவயல்காரர்கள். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. அதனால் என் இஷ்டத்துக்குத் தோண்ட முடிந்தது.

அந்த நாட்டுக்கு நான் வைத்த பெயர் ‘ஏழு குண்டி’. நாவலின் பெயர் ‘ஏழு குண்டி அரசி’.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் இப்போது சிரித்துவிட்டிருப்பீர்கள். இதை எழுதிய மூன்று வருடமும் நான் சிரிக்கவில்லை. கன்னடத்தில் குண்டி என்றால் பள்ளம். ‘கோலி’ விளையாட்டின் முதல் எழுத்தைச் சொல்வதுபோல மென்மையாகத் தொடங்க வேண்டும், ‘குதிரை’யைப்போல அல்ல. எங்கள் வீட்டுத் தமிழில் அது என்றைக்கோ நுழைந்துவிட்டது. மழை பெய்தால் தெருவெல்லாம் குண்டி, ஆட்டோ குண்டியில் இறங்கி ஏறும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்லும் இன்னொரு சொல்லும் எங்களுக்குத் தெரியும். ஆனால் காதுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘கு’தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வேலையில் நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடுவதுதான் பிழைப்பு. நாவலையும் முறையாகவே சோதித்தேன். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் கை சும்மா இருக்காது. பிதுக்குப்பருப்புக்கு அவரையைப் பிதுக்கிக்கொண்டே கேட்பார். பள்ளத்தில் இருந்து ஏறுபவர்களுக்கு மூச்சு வாங்க வேண்டும், ஈரச் சுவரில் வழுக்க வேண்டும் என்று திருத்தங்கள் சொல்வார். பெயரில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காதால் மட்டுமே சோதிக்கப்பட்ட நாவல் அது.

சென்னைப் பதிப்பகம் ஒன்றில் கதையை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஆசிரியராக இருக்கும் அம்மையார் அலுவலக நேரத்தில் அழைத்தார்.

“ஏம்மா, இது நகைச்சுவை நாவலா? நான் சீரியஸா படிச்சுட்டேனே?”

“சீரியஸ்தான் மேடம்.”

“அப்ப அந்த ராணிக்கு எதுக்கும்மா ஏழு?”

விளங்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, யாரும் இல்லாத மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ‘வீரர்கள் பாடியபடியே இருண்ட குண்டிக்குள் இறங்கினார்கள்’ என்ற என் வரியை அவர் நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் கன்னடத்தை விளக்கினேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

“அப்ப அவங்க சொப்பு திங்கிறது?”

“கீரை மேடம். கன்னடத்துல சொப்புன்னா கீரை.”

“நான் விளையாட்டுச் சொப்பு சாமானைத் திங்கிறாங்கன்னு நினைச்சேன். மாயக்கதைதானே, மரச்சட்டி திங்கிற இனம் போலன்னு விட்டுட்டேன்.”

என் நாவலைப் பற்றி இதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய பாராட்டாக இதைத்தான் வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் குரல் மாறியது. வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வேறு பெயர் வேண்டும், உள்ளேயும் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புத்தகக் காட்சியைத் தவறவிட்டு அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான். சரி என்றேன். ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றை வைப்பது கணினிக்கு ஒரு நொடி வேலை. பட்டியல் போட உட்கார்ந்தேன், பட்டியல் போட எனக்குப் பிடிக்கும்.

ஏழு பள்ளம்: மாநகராட்சியிடம் புகார் கொடுப்பதுபோல இருந்தது. ஏழு குழி: பல்லாங்குழியில் பாதிப் பலகை. ஏழு குண்டு: போலீஸ் வந்து செயலிழக்க வைக்க வேண்டும். ஏழு பிலம்: பிலம் என்றால் பாதாளக் குகையாம், எனக்கே அகராதி பார்த்துத்தான் தெரிந்தது. எதை வைத்துப் படித்தாலும் அரசி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசியதெல்லாம் அந்தப் பழைய பெயரோடுதான். இந்த வருடம் புத்தகம் வர வேண்டும், பெயரும் போகக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டில், என் குழுவில் இருக்கும் கன்னடப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் மைசூர்க்காரி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவள். இவளாவது பள்ளம் என்று புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

“ஏளு குண்டியா? ராணி சட்டையில ஏளு பட்டனா?”

கன்னடத்தில் பட்டனுக்கும் குண்டி என்றுதான் பெயர்.

“பள்ளம்ப்பா, பள்ளம்.”

“ஓ, அதுவும் இருக்கில்ல. நீ ராணின்னு சொன்னியா, எனக்கு டிரெஸ்ஸுதான் ஞாபகம் வந்துச்சு. ஏளு பட்டன்னா கழுத்து வரைக்கும் மூடிடும். பாவம், வெயில்ல எப்படி இருப்பா?”

“அவ பூமிக்கடியில இருக்கா.”

“அப்ப குளிரும். பட்டன் வேணும்தான்.”

மாலையில் மஞ்சள் ரயிலில் டிராகன்களைத் திறக்கவில்லை. சென்னையில் ஒன்று கேட்கிறது, மைசூரில் ஒன்று கேட்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் பள்ளம். நான் படித்த மாயக்கதைகளில் எல்லாம் மலைநாட்டாரும் கடல்நாட்டாரும் குள்ளர்களும் சந்தித்த உடனே ஒருவர் மொழி ஒருவருக்குப் புரிந்துவிடுகிறது. என் கதையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் எழுதக்கூடிய பொய் அல்ல அது. ரயில் மாறும் இடத்தில் நின்றுகொண்டே கைபேசியில் எழுதத் தொடங்கினேன், இரண்டு ரயில்களை விட்டுவிட்டேன்.

புதிய காட்சி இது. பள்ளங்களுக்கு மேலே வாழும் மேல்நாட்டாருக்கு அரசி முதல் ஓலை அனுப்புகிறாள். மலைநாட்டுத் தூதன் அதைத் தன் மன்னன் சபையில் உரக்கப் படிக்கிறான், சபையோடு சேர்ந்து அவனும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சமவெளி மன்னனோ மரியாதையாக ஏழு தங்கப் பட்டன்களைப் பரிசாக அனுப்பிவைக்கிறான். அரசிக்கு இரண்டும் புரியவில்லை. புரிந்ததும் தூதனை வரவழைத்து, எழுத்தைக் காட்டி, தன் நாட்டின் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் திருப்பிச் சொல்கிறான், தவறாக. மறுபடி சொல்கிறாள். மேல்நாட்டோடு நடக்கப்போகும் போர் இதுவரை காரணமில்லாமல் தொடங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வியாழக்கிழமை அனுப்பினேன். ‘பெயர் இருக்கட்டும், இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று மட்டும் எழுதினேன். சாயங்காலம் ஆசிரியர் அழைத்தார்.

“உள்ள இருக்கட்டும்மா. இனி சிரிச்சா அந்தத் தூதனோட சேர்ந்து மாட்டிப்பாங்க. ஆனா அட்டையில வேணாம். கடைக்காரர்கிட்ட நான் ஒவ்வொரு தடவையும் கன்னடப் பாடம் எடுக்க முடியாது.”

அட்டையில் ‘பள்ளத்து அரசி’ என்று முடிவானது. பெயர் பிழைத்தது, புத்தகமும் பிழைத்தது. அட்டையில் மட்டும் மாநகராட்சி வாடை கொஞ்சம் அடிக்கும், அதைத் தாங்கிக்கொள்வேன்.

அம்மாவிடம் அதுவரை எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதிய காட்சியைப் படித்ததும், தூதன் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அவரைப் பருப்பு கையிலேயே நின்றது. முதலில் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைக்கிற அளவுக்கு. பிறகு கோபம் வந்தது.

“இன்னாடி இது, படிக்கத் தெரியாதவன்லாம் சிரிப்பானா? அந்தாளக் கொன்னுடு.”

“முடியாதும்மா. ரெண்டாம் பாகத்துல அவன் வேணும்.”

“சாவ வேணாம். அடியாவது படட்டும். ஈரச் சுவர்னு சொன்னேனே, வழுக்கி வுடு.”

உள்பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன் ஒரு வரி சேர்த்தேன். திரும்பிப் போகும் வழியில் தூதன் நான்காம் பள்ளத்தின் படியில் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறான். எங்கே அடிபட்டது என்று எழுதவில்லை. சென்னைக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.