சித்தி தனியாகப் பாடிய சாயங்காலம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் தங்கை ஒரு கிதார், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மிக்ஸியோடு கருங்குழியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் அவள் தொழிலுக்கு. மிக்ஸி எதற்கு என்று கேட்டேன். அது அவள் பங்குக்கு வந்தது என்றாள் அம்மா. எதில் பங்கு என்று கேட்பதற்குள் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சித்தி பேண்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஊதிப் போகிற பேண்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சித்தி கோட்டு போட்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையே என்று வருத்தமும் பட்டிருக்கிறேன். சென்னையில் ராக் பாடுகிற பேண்டு அது, சித்தி கிதார் வாசிப்பாள், சித்தப்பா பாடுவார் என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது. அவர்களுடைய கடல் பாட்டு ஒன்று அப்போது காலேஜ் பிள்ளைகள் பலருடைய போனில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூட வேன் டிரைவர்கூட அதைப் போடுவார். பாடுகிறவர் எங்கள் சித்தப்பா என்று நான் சொன்னதை வேனில் யாரும் நம்பவில்லை.

இப்போது எல்லாரும் ‘பிரிஞ்சிடிச்சி’ என்றார்கள். பேண்டு பிரிந்ததா, சித்தியும் சித்தப்பாவும் பிரிந்தார்களா, எதனால் எது என்று யாரும் எனக்குப் பிரித்துச் சொல்லவில்லை. பேண்டு பிரிந்திருக்க முடியாது என்று நானே முடிவு செய்தேன். ஏனென்றால் சித்தப்பா வேறொரு கிதார்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவியில் அதே கடல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்துபோய் டிவியை நிறுத்தினாள்.

"அந்தப் பாட்டு உங்க சித்தி எழுதி மெட்டுப் போட்டது" என்றாள்.

குரல் சித்தப்பாவுடையது. பாட்டு மட்டும் எப்படிச் சித்தியுடையதாகும்? சித்தியிடமே போய்க் கேட்டேன். அவள் கிதாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் அதத்தான் யோசிச்சிகினு கீறேன்" என்றாள். அதோடு என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

பகலெல்லாம் அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். அதுவரை சித்தி பாடி நான் கேட்டதில்லை. தாழ்ந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, மேலே ஏறும்போது நடுவில் உடைந்துவிடும். கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிவிட்டு வந்து மதியத்தில் படுக்கிற அப்பா, ஒரு நாள் கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, தொண்ட கட்டிகினு கீதா? சுக்குத் தண்ணி வெச்சிக் குடி."

"இல்ல மாமா. என் கொரலே இப்டித்தான்."

மறுநாளிலிருந்து அப்பா வேப்பமரத்தடியில் வேனுக்குள்ளேயே படுத்துத் தூங்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோவளத்திலிருந்து சித்திக்கு அழைப்பு வந்தது. அங்கே கடற்கரையில் அலைச்சறுக்குப் போட்டி, சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"அந்தக் கடல் பாட்ட ஒரு வாட்டி பாடிடு. அதுக்காவதான் உன்னக் கூப்டறாங்க" என்றாள்.

"அத நான் பாடுனா, அவரு பாட்ட நான் பாடறன்னுதான்க்கா சொல்வாங்க."

"சொல்லட்டுமே. கூட்டம் நிக்கும்."

சித்தி கிதாரைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை வேனிலேயே கூட்டிப்போனார். மணலில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். பலகையும் ஈரத்தலையுமாக அலைச்சறுக்குப் பையன்கள், சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் என்று நல்ல கூட்டம். வறுத்த மீன் விற்கிற ஓர் அம்மா தன் தட்டோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சித்தி தனியாக ஏறினாள். பின்னால் டிரம்ஸ் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. அவள் கம்பியைத் தொட்டதும் யாரோ கடல் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். பிறகு கும்பலாகக் கத்தினார்கள். நானும் அதையே எதிர்பார்த்து, முதல் வரியைச் சேர்ந்து பாட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது இன்னிக்கி கெடையாதுங்க. போன்ல கீதில்ல, வூட்டுக்குப் போயி கேட்டுக்கோங்க" என்றாள் சித்தி.

சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் பின்னறையில் பாடிய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடினாள். உடைகிற இடத்தில் குரல் அப்படியே உடைந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை. இரண்டாவது பாட்டிலேயே கார்க்காரர்கள் கிளம்பினார்கள். பையன்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எல்லாரும் கேட்கிற பாட்டைப் பாடினால் என்ன குறைந்துபோகும் என்று சித்தியின் மேல் கோபமாக வந்தது.

"இன்னா பாட்டு இது? பாடுதா, அழுவுதா, ஒண்ணும் புரியல" என்றாள் மீன்கார அம்மா. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. மீன் வாங்க வந்த ஒருவரைக்கூட, "சித்த இரு, முடியட்டும்" என்று நிறுத்திவைத்தாள்.

முடிந்தபோது மேடைக்கு முன்னால் மணல்தான் அதிகம் இருந்தது. மீதியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே போயிற்று. சித்தி இறங்கி வந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்களே சித்தி" என்றேன்.

"ஆமா, பாத்துகினுதான் இருந்தேன்" என்று சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பின்னறையிலேயே பாட்டுகளைப் பதிவு செய்து, சித்தி தன் பெயரில் வெளியிட்டாள். ஒன்றில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் லேசாகக் கேட்கும். கடல் பாட்டுக்குச் சேர்ந்த கூட்டம் அவளுக்கு இன்றுவரை சேரவில்லை. கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் கிதாரைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வருகிறாள். வருகிறவர்கள் அந்த உடைகிற குரலைக் கேட்கத்தான் வருகிறார்கள். ஆனால் அன்றைக்கு, நம் சித்தி தோற்றுவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

வேன் கிளம்பியதும் சித்தி, "அக்கா, பசிக்குது. எதுனா வாங்கிக் குடேன்" என்றாள்.

அப்பா உடனே வண்டியை ஓரங்கட்டினார். சாலையோரக் கடையில் சித்தி பரோட்டா சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் சாப்பிட்டாள். அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வூட்டுக்கு வந்ததுலேர்ந்து இன்னிக்கிதாங்க வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறா" என்றாள்.

சாயங்காலம் முழுக்க வாயைத் திறந்து பாடிக்கொண்டுதானே இருந்தாள் என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது.