மலை மேல் வண்டி, பொதட்டூர்பேட்டையில் நாங்கள்

2008 தை மாதம், ஒரு புதன்கிழமை. சாமி கும்பிடத் திருத்தணிக்குப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பொய்யில்லை, கும்பிடத்தான் செய்தோம். ஆனால் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளி, பொதட்டூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டையும் பார்க்க வேண்டியிருந்தது. "நான் இருக்கப்போற வீட்ட நான் பாக்க வாணாமா" என்று என் மகள் கோகிலாவும் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த மாதிரி விஷயம் அமையும்வரை வெளியே விடமாட்டோம். அமையாமல் போனால் பெண்ணுக்குத்தான் பேச்சு. எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கோகிலா என் அக்கா மகனுக்குத்தான் என்று, அவள் தவழும்போதே பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. இந்த இடம் முடிவானதும் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தோம். முன்னாலேயே தெரிந்தால் அக்கா அழுவாள், அவள் அழுதால் நான் தலையாட்டிவிடுவேன். என் மனைவி செல்விக்கு என்னைப் பற்றித் தெரியும்.

இவ்வளவு ரகசியத்துக்கு யார் வண்டியை எடுத்தேன் தெரியுமா? அந்த அக்காவின் வீட்டுக்காரர் வண்டியை. அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன், அம்பத்தூரில் நாலு கார் வைத்து வாடகைக்கு விடுகிறார். வேறு வண்டி எடுத்தால் ஏன் என்பார். அவருடையது என்றால் டீசல் போட்டால் போதும், போக வர நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஐந்தாவது வரை படித்த பழக்கடைக்காரன் நான், எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்பத்தூரிலிருந்து திருத்தணி சுமார் எழுபது கிலோமீட்டர். திருவள்ளூர் தாண்டி டீ குடிக்கும்போது டிரைவர் தேசிங்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சார், ஓனரு வண்டில டப்பா வெச்சிருக்காரு, தெரியாதா? ஸ்டேரிங்குக்குக் கீழ. எங்க போறோம்னு கம்ப்யூட்டர்ல பாத்துகினே இருப்பாரு. போன மாசம் எங்க ஊரு கே.ஜி.கண்டிகைல அம்மாவுக்கு மாத்திர குடுக்க நிறுத்தனேன். அஞ்சே நிமிசத்துல போன்."

"பாத்துகினே இருந்தா எப்போ சாப்புடுவாரு?"

"சாப்புட்டுகினே பாப்பாரு சார். கோவம் வந்துச்சுனா அங்கேருந்தே எஞ்சின ஆஃப் பண்ணிடுவாரு."

செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கு உடனே வழி தோன்றியது. டப்பாவுக்குத் தெரிவது வண்டி எங்கே என்பதுதானே? நாங்கள் எங்கே என்பது அதற்கு என்ன தெரியும்? வண்டி மலை மேலேயே நிற்கட்டும், நாங்கள் பஸ்ஸில் போய் வருவோம்.

எட்டரைக்கு மலை மேலே வண்டியை நிறுத்தி, கூட்டமில்லாமல் தரிசனம் முடித்து, தேசிங்கை வண்டியோடு விட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். பேருந்து நிலையத்தில் பொதட்டூர்பேட்டை பஸ் அடிக்கடி இருக்கிறது. ஆளுக்கு எட்டு ரூபாய், ஒரு மணி நேரம். வழியெல்லாம் கரும்பு. ஊரில் இறங்கியதும் காது அடைத்துக்கொள்ளும், வீட்டுக்கு வீடு தறி. லுங்கி வாங்க நல்ல ஊர். நானும் இரண்டு வாங்கினேன்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். முன்கட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அம்மா கோகிலாவைச் சமையல்கட்டு, கிணறு, மாடி என்று சுற்றிக் காட்டினார். பையனும் அவளும் கிணற்றடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் பஜ்ஜியில் கை வைத்தபோது போன் அடித்தது. பாவா.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"சன்னதில பாவா."

"வண்டி ஆந்திராவுல காட்டுது. தேசிங்கு பர்மிட் இல்லாம பார்டர் தாண்டியிருக்கான். கேட்டா மலை மேலயே நிக்குதுனு சாதிக்கிறான். எஞ்சின நிறுத்திட்டேன். இன்னையோட அவன அனுப்பிடப் போறேன். ஆமா, அங்க என்ன சத்தம்?"

"மேளம் பாவா."

"மேளம் தறி மாரி அடிக்குது?"

கம்ப்யூட்டருக்குத் தப்பியவன் காதுக்குத் தப்பவில்லை. எனக்கு முன்னால் இரண்டு வழி. மேளம்தான் என்று நின்றால் ரகசியம் ஒரு நாளாவது தாங்கும், ஆனால் ஒரு குற்றமும் செய்யாத தேசிங்குக்கு வேலை போகும். கோகிலாவைப் பார்த்தேன். "சொல்லிடுப்பா" என்றாள்.

"பாவா, தேசிங்கு சொல்றது நெஜம். வண்டி மலை மேலதான் இருக்குது. நான்தான் மலை மேல இல்ல."

மீதியையும் சொன்னேன். பாவா கேட்டார்: "பையன் என்ன பண்றான்?"

"வாத்தியார்."

"நம்ம பையன விட உசரமா?"

"உங்கள விட உசரம். அது ஒண்ணும் பெரிய விசயமில்ல பாவா."

"வாய் மட்டும் கொறையாது உனக்கு." மூச்சு விட்டார். "வண்டிய விடறேன். உங்க அக்காகிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன். சாயங்காலம் நேரா இங்க வந்து நீயே சொல்லிடு. பொண்ணையும் கூட்டிகினு வா."

டப்பா ஏன் பொய் சொன்னது என்று பிறகு தெரிந்தது. அதற்குள்ளேயும் ஒரு சிம் கார்டு இருக்கிறதாம். மலை மேலே ஆந்திரா பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டதாம். எங்கள் போனுக்கும் அங்கே ஆந்திரா வரவேற்பு மெசேஜ் வந்ததுதான். போன் சொன்னால் சிரிக்கிறோம், டப்பா சொன்னால் வேலையை விட்டுத் தூக்குகிறோம்.

வண்டிக்காரருக்குத் தன் வண்டி மேல் கவலை இருக்கும், தப்பில்லை. ஆனால் அதில் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கலாம். இனி வாடகை வண்டி எடுக்கிறவர்கள் டீசல் கணக்குப் பேசும்போதே கேளுங்கள்: இதில் டப்பா உண்டா, அது வழியை மட்டும் பார்க்குமா, பேச்சையும் கேட்குமா, யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். திருத்தணிக்கு மட்டும் போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது, அது போதும். மலைக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள்.

மூன்று மணிக்கு மலையில் சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது. தேசிங்கு காலையில் வந்ததைவிட மெதுவாக ஓட்டினான். செல்விக்குப் பொறுக்கவில்லை. "என்னடி, ஒண்ணும் சொல்லாம வர. புடிச்சிருக்கா இல்லையா? அத்தைகிட்ட என்னனு சொல்றது?"

கோகிலா முன்பக்கம் குனிந்து ஸ்டேரிங்குக்குக் கீழே பார்த்தாள்.

"அண்ணா, இது பேசறதக் கேக்குமா?"

"இல்லம்மா, வழி மட்டும்தான்."

"நெஜமா?"

"எங்க அம்மா மேல சத்தியமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆங், புடிச்சிருக்கு."