பத்தடி முன்னால் பெருக்கியவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணை அதிகாரி. பதினாறு வருடமாக அடுத்தவர் சொல்லும் கதையில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. என்னுடைய இந்தக் கதையிலும் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

என் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டுவது நின்று, வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. ஊருக்கு வெளியே இருநூறு வருடத்துப் பழைய மாளிகை ஒன்றும், அதைச் சுற்றிப் பெரிய பூங்காவும் உண்டு. மாமாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

நல்ல நடை. சில்லென்ற காற்று முகத்தில் அறைந்தது. அதுவே சுகமாக இருந்தது. மாமாவின் கன்னத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. மாளிகையின் நாற்பது அறைகளையும் சுற்றிவிட்டு, "இத்தனை ரூமையும் யாரு மாப்ளே கூட்டுறது?" என்று கேட்டார்.

வெளியே வந்தபோது மணி 3:48. கேட்டை 4:30க்குப் பூட்டிவிடுவார்கள். பத்து நிமிட நடைதான். ஆனால் மறுபடி பனி தூவ ஆரம்பித்திருந்தது. மூடுபனியும் இறங்கிவிட்டது. வந்த பாதையே தெரியவில்லை.

அப்போதுதான் அவரைப் பார்த்தோம். காதை மூடிய பச்சைக் குல்லா. ஆரஞ்சு மஃப்ளர். நீளமான துடைப்பத்தால் பனியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க, இப்படி வந்தா கேட்டு கிட்ட."

மாமா உடனே திரும்பினார். நான் கையைப் பிடித்தேன்.

"யாரு மாமா அவரு? ஒரு அடையாள அட்டைகூட இல்லை."

"வழி சொல்றவன்கிட்ட அட்டை கேப்பாங்களா? உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகந்தான். வாங்க."

ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ப் பணத்தைப் பறிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பர்ஸைக் கோட்டின் உள்பைக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணை மட்டும் அவர் மேலிருந்து எடுக்கவில்லை.

4:02. அவர் பத்தடி முன்னால் பெருக்கிக்கொண்டே போனார். நாங்கள் வேகமாக நடந்தோம். பத்தடி. மெதுவாக நடந்தோம். அப்போதும் பத்தடி.

துடைப்பம் இங்கும் அங்கும் போனது. சத்தமே இல்லை. அவர் பெருக்கிய இடத்தில் பனி அப்படியே கிடந்தது.

"வாங்க, இப்படி வந்தா கேட்டு கிட்ட."

அதே வார்த்தை. அதே குரல்.

4:07. மரங்கள் முடிந்துவிட்டன. விளக்குக் கம்பங்கள் இடப்பக்கம் வளைந்து போயின. நாங்கள் மட்டும் நேராகப் போனோம். தரை மேசை மாதிரி மட்டமாக இருந்தது…

பக்கத்தில் ஒரு கம்பம். அதில் சிவப்பாக வட்டமாக ஏதோ தொங்கியது. தாண்டி ஐம்பதடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மிதவை வளையம்.

நடைபாதையில் எதற்கு மிதவை வளையம்?

"மாமா… நில்லுங்க."

"என்னாச்சு?"

"அசையாதீங்க. நாம உறைஞ்ச ஏரி மேல நிக்கிறோம்."

டப்…

காலுக்கு அடியில், எங்கோ ஆழத்தில்.

டப்… க்ரீ…ச்.

முன்னால் பார்த்தேன். அவர் பெருக்குவதை நிறுத்தியிருந்தார். கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சந்தான்."

அவர் காலுக்குக் கீழே பார்த்தேன். தடம் இல்லை.

மாமாவின் வலது கால் சடாரென்று உள்ளே போனது. முழங்கால் வரை கருந்தண்ணீர். கோட்டுக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். எழுந்திருக்கவில்லை. அப்படியே ஊர்ந்தோம்.

மாமா முனகினார். "மாப்ளே… நெஞ்சு…"

"பேசாதீங்க. வாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் புல் கையில் பட்டபோது மணி 4:19.

விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். காவலாளி அம்மா மாமாவை ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, ஈரக் காலைத் துடைத்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பெருக்குறவரா? குளிர் வந்ததுமே தோட்ட ஆளுங்களை நிறுத்திட்டோம் சார். இப்ப நான் ஒருத்திதான்."

என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். மாமா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வாசல்படி தாண்ட மறுத்துவிட்டார்.

பனி உருகியதும் ஒரு நாள் காலை 9:15க்கு அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், ஏரியில ஒரு ஆள் கிடைச்சிருக்காரு. பச்சைக் குல்லா, ஆரஞ்சு மஃப்ளர்."

"தோட்டக்காரரா?"

"இல்ல சார். உங்கள மாதிரி நடக்க வந்தவரு. நீங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி காணாம போயிருக்காரு."

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசியா அவரு சம்சாரத்துக்குப் போன் போட்டிருக்காரு சார். 'பனியில வழி தெரியல. ஆனா பயப்படாதே, பெருக்குற பாட்டி ஒருத்தங்க முன்னால போயி வழி காட்டுறாங்க'ன்னு சொன்னாராம்."