டபுள் விசில்

நாடாளுமன்ற வாசலில் பையைச் சோதிக்கும் காவலருக்கு அந்த விசிலைப் பார்த்தால் இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. முதல் நாள் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் யாரையோ ஃபோனில் கூப்பிட்டு விதி என்ன சொல்கிறது என்று கேட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் ஓர் உடன்பாடு வந்துவிட்டது. காலையில் அவள் விசிலைக் கொடுத்து எண் போட்ட ஓர் அடையாள வில்லையை வாங்கிக்கொள்வாள், மாலையில் வில்லையைக் கொடுத்து விசிலை வாங்கிக்கொள்வாள். அன்றைக்கு அவர் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், அவள் கொடுத்தபாடில்லை.

"என்ன மேடம், இன்னைக்கு குடுக்க மனசு வரலையா?"

"குடுக்கறேன், குடுக்கறேன்."

கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவையில் எழுந்து நின்று அவள் ஒரு பொய்யை வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் வீட்டுக்காரர் வேலை போகும். கூடவே அவள் பதவியும் போகும்.

தலைநகரிலேயே இருக்கும் தன் தொகுதியில் அவளுக்கு விசில் அக்கா என்று பெயர். உறுப்பினர் ஆவதற்கு முன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "உள்ள போங்க, உள்ள போங்க, வழிய மறிக்காதீங்க." படியில் தொங்கிக்கொண்டு வருகிறவனிடம் டிக்கெட் கேட்க மாட்டாள், அவன் அம்மாவின் ஃபோன் நம்பரைக் கேட்பாள். பையன் பதறியடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். டிக்கெட்டும் வாங்கிவிடுவான்.

அந்த வண்டியை ஓட்டியவர்தான் பின்னால் அவளுக்கு வீட்டுக்காரர் ஆனார். வாய்விட்டுப் பேசிக்கொண்டது குறைவு, எல்லாப் பேச்சும் விசிலில்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். கூட்டத்தில் கையை வாய்க்குக் கொண்டுபோக இடமில்லாத வேளைகளில் பஸ்ஸின் தகரத்தில் விரல் முட்டியால் தட்டுவாள். டக் என்று ஒன்று, நிறுத்து. டக் டக் என்று இரண்டு, போகலாம். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் அது மட்டும் விழுந்துவிடும். கட்டிக்கொள்ளலாமா என்று ஒருநாள் டெப்போவில் தயங்கித் தயங்கி அவர் கேட்டபோது, வாயைத் திறக்காமல் இரண்டு விசில் கொடுத்தாள். டெப்போவே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவர் 'டிரைவரே', அவள் 'கண்டக்டரே'.

அந்த வழித்தடத்தில் அவளைத் தெரியாத வாக்காளர் கிடையாது. இதைக் கட்சிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பிறகென்ன, நின்றாள், ஜெயித்தாள். ஆனால் அவையில் உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. இத்தனை காலம் நின்றே பிழைத்தவளை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தால் இடுப்பு கேட்குமா? எவராவது பேச்சை இழுத்துக்கொண்டே போனால் அவள் கை தன்னை அறியாமல் விசிலைத் தேடும். விசில் வாசலில் இருக்கிறது, அவை தப்பித்தது.

போக்குவரத்துக் குழுவில் அவளைப் போட்டார்கள். தேசியப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பஸ் படிக்கட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். டெப்போவில் பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கூச்சப்படாமல் கேட்டாள். அது இல்லாத டெப்போவில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவள் அவள். குழுவில் இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. காது கொடுத்துக் கேட்டார்கள், இரண்டையும் சேர்த்தார்கள். அந்த வரிகளை அச்சில் பார்த்த அன்று குழு அறையிலேயே அழுதுவிட்டாள்.

அதே கொள்கையில் இன்னொரு பகுதியும் இருந்தது. டவுன் பஸ்ஸுக்கு இனி கண்டக்டர் வேண்டாம், டிரைவரே மெஷினில் டிக்கெட் கொடுத்துக்கொள்வார். நாடு முழுவதும் கொண்டுவருவதற்கு முன் சில வழித்தடங்களில் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அதில் ஒன்று அவள் வீட்டுக்காரர் ஓட்டும் தடம்.

சோதனையின் முதல் நாள் மனிதர் ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கி, எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். "டிரைவர் அண்ணே, கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கறீங்களா?" என்று ஒருத்தர் கேட்ட பிறகுதான், விசில் அடிக்கப் பின்னால் ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

சோதனை முடியப்போகிற சமயம் அது நடந்தது. மார்க்கெட் நிறுத்தம், நல்ல கூட்டம். முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் ஒரு லாரியைக் கிளப்பிவிட இரண்டு முறை விசில் ஊதினார். பஸ்ஸில் இருந்த வீட்டுக்காரருக்குக் கால் தானாக அழுந்திவிட்டது. பின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்த தையல்கார அம்மா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. டிரைவர் பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்கு விட்டார். அங்கே அந்த அம்மா, "நானே தடுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். டிரைவரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். அவரும் டெப்போவில் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ரெண்டு விசில் கேட்டுச்சு. நீதான்னு நெனச்சேன்."

"நான் வேலைய விட்டு எத்தனை காலம் ஆச்சுங்க?"

"எனக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலையே."

தையல்கார அம்மாவைப் பார்க்க இருவரும் போனார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மூடி வைத்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கத்திரிக்கோல் பிடிக்கிற கை அது. மறுபடி பிடிக்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அட, விசில் அக்கா! நீங்க பின்னாடி நின்னிருந்தா நான் விழுந்திருப்பேனா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

கட்சியில் உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கிறவருக்குக் கொறடா என்று பெயர். கொறடா என்றால் சாட்டை, பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர். அவர் இவளைக் கூப்பிட்டு அனுப்பி, வாயெல்லாம் பல்லாக ஒரு தாளை நீட்டினார்.

"கண்டக்டர் இல்லாத பஸ்ஸ ஒரு கண்டக்டரே பாராட்டினா அதுக்கு மேல யாரு என்ன பேச முடியும் சொல்லுங்க? நீங்கதான் பேசறீங்க. இருக்கறத வாசிச்சா போதும்."

தாளின் நடுவில் அந்த வரி இருந்தது. 'சோதனை ஓட்டத்தில் ஒரு சிறு விபத்துகூட நேரவில்லை.' அவருக்கு உண்மை தெரியாது. கிடைத்த அறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

"ஐயா, அந்தப் பகுதிய மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"உங்க படிக்கட்டும் உங்க கழிப்பறையும் இதுலதாம்மா இருக்கு. வந்தா எல்லாம் ஒண்ணா வரும், போனா எல்லாம் ஒண்ணா போகும்." பல் மறைந்துவிட்டது. "கட்சி உத்தரவ மீறினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

வீட்டில் தாளைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டுகிறவர்போல மெதுவாகப் படித்தார்.

"வாசிச்சிடு," என்றார்.

"எப்படிங்க வாசிக்கறது?"

"வாசிக்கலன்னா? விபத்த மறைச்ச டிரைவர வச்சிருப்பாங்களா? ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? வீட்ல உக்காந்து செவத்த பாக்கட்டுமா?" அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. இதுவும் உயர்த்தல் இல்லை, கெஞ்சல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தபோது அவர் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருந்தார்.

இப்போது அவை நிறைந்திருந்தது. தனக்கு முன் பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சபாநாயகர் அவள் தொகுதியைச் சொல்லி அழைத்தார். எழுந்தாள். எழுந்த வேகத்தில் பழக்கதோஷமாக மேலே கம்பியைப் பிடிக்கக் கை போயிற்று, யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேலே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில், மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யூனிஃபார்மோடு அவர் உட்கார்ந்திருந்தார். அவள் உறுப்பினரான புதிதில் எடுத்துக் கொடுத்த குடும்பப் பாஸில் வந்திருக்கிறார். வண்டியை விட்டுவிட்டு வர நேரமில்லை என்று இதுவரை ஒருநாளும் வராதவர். நான் உளறிவிடுவேன் என்று பயந்து காவலுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

வாசிக்க ஆரம்பித்தாள். படிக்கட்டைப் பற்றிய வரிகள் நன்றாகப் போயின. கழிப்பறைக்கு மேசையைத் தட்டினார்கள். கொறடா சாய்ந்து உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வரி கண்ணில் பட்டது. 'சோதனை ஓட்டத்தில்' என்றாள். மறுபடியும் 'சோதனை ஓட்டத்தில்' என்றாள். தையல்கார அம்மாவின் கட்டுப் போட்ட கை தாளின்மேல் கிடப்பதுபோல் இருந்தது.

"ஒரு..." என்றாள். "ஒரு விஷயம் இதுல தப்பா எழுதியிருக்குங்க."

கொறடா நிமிர்ந்தார். எதிர்வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் போகப்போவது வீட்டுக்காரருடைய வேலை. தன் பதவி போனால் போகிறது, அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போட அவள் யார்? அதுவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து? "உக்காருங்கம்மா," என்று பின்னாலிருந்து யாரோ தணிந்த குரலில் அதட்டினார்கள். அவள் உட்காரப் போனாள்.

டக்.

மேலேயிருந்து வந்தது. விரல் முட்டி மரத்தில் பட்ட சத்தம். ஒன்று. நிறுத்து என்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டக்.

இரண்டாவது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். மாடத்துக் காவலாளி ஓடிவந்து அவர் தோளில் கை வைத்து, "இங்க சத்தம் போடக்கூடாதுங்க, எழுந்திரிங்க," என்பது தெரிந்தது. அவர் காவலாளியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பின் கதவைப் பார்க்கிறவர்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் தட்டியிருக்கிறார்.

"விபத்து நடந்துச்சுங்க," என்றாள். "மார்க்கெட் ஸ்டாப்ல ஒரு தையல்கார அம்மா விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. பின்னாடி பாக்க ஆள் இல்ல. அந்த பஸ்ஸ ஓட்டினது என் வீட்டுக்காரர்."

அவையில் கூச்சல் எழுந்தது. கொறடா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்துவிட்டார். சபாநாயகர் மணியை அடித்தார், நேரம் முடிந்தது என்றார், மைக்கை அணைக்கச் சொன்னார். மைக் அணைந்தது. ஓட்டை ஜன்னல்களும் இன்ஜினும் போட்டி போட்டுக் கத்தும் வண்டியில் கடைசிப் படி வரைக்கும் கேட்கக் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"தெருவுல யாரோ ஊதின விசிலுங்க அது. ரெண்டு விசில் கேட்டதும் நான்தான்னு நெனச்சிட்டாராம். நான் இங்க உக்காந்துக்கிட்டு இருந்தேன்."

மேலே காவலாளி இன்னும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும் வரை டிரைவர் இடத்தை விட்டு நகரவில்லை.