ஸ்வெட்டரோடு குளத்தில் இறங்கிய பாலன்

பாலன் பைக்காரா ஏரியில் மோட்டார் போட் ஓட்டுகிறவன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, "பயப்படாதீங்க, நானிருக்கறேன்ல" என்று தினமும் தைரியம் சொல்கிறவன். அவன் இருந்து என்ன புண்ணியம்? அவனுக்கே நீச்சல் தெரியாது. அந்த ஏரியில் அவன் நனைத்தது கையை மட்டும்தான், அதுவும் சாப்பிட்ட பிறகு. இது அவன் பெண்டாட்டி செல்வி என்னிடம் சொன்னது. பெண்டாட்டிகள் பொய் சொல்வார்கள்தான், ஆனால் புருஷனை மட்டம் தட்டும்போது சொல்லமாட்டார்கள்.

நான் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் துணி மாற்றும் அறையைக் கழுவுகிறேன். கூரை போட்ட குளம். வெந்நீர்க் குளம் என்று பெயர். வெந்நீராம்! இந்தச் சூட்டில் குளிக்க ஊற்றியிருந்தால் என் வீட்டுக்காரர் சொம்பை என் மண்டையில் எறிந்திருப்பார். மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், என் மண்டை தப்பியது.

அங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. பொடிசுகளோடு அப்பனோ ஆத்தாளோ தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்பது டீச்சர் எல்சாவின் சட்டம். செல்வி மாசமாக இருந்ததால் பாலன்தான் மகள் ஜீவிதாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றரை வயசு. போட் கட்டுகிற இடத்தில் கால் வழுக்கி ஏரியில் விழுந்த பிள்ளை அது. பாலன் கரையில் நின்று கத்தினான். வேறு ஒருத்தன் குதித்துத் தூக்கினான். அன்றிலிருந்து பிள்ளை வாளித் தண்ணீரைக் கண்டாலும் அலறியது. வீடோ ஏரிக்குப் பக்கத்திலேயே. நீந்தக் கற்றுக்கொள்ளாமல் எப்படி வளரும்?

முதல் நாள் பாலன் கம்பளி ஸ்வெட்டரோடு இறங்கினான். ஊட்டிக்காரனிடம் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வதும் தோலை உரிக்கச் சொல்வதும் ஒன்றுதான். ஸ்வெட்டர் தண்ணீரைக் குடித்து, அதன் கை இரண்டும் எருமை நாக்கு மாதிரி தொங்கின. குளத்து ஓரமாகப் பிடித்துக்கொள்ள ஓடுகிற கம்பியை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில் விறைத்து நின்றுகொண்டு பல் கடகடவென்று அடிக்க நடுங்கினான். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஜீவிதா கூரை அதிர அலறினாள். அடுத்த வாரமும் அதே கூத்து.

மூன்றாவது வாரம் எல்சா முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"இங்க பாருங்க பாலன், இன்னிக்கும் இவ இப்படி அழுதான்னா என்னால சேர்த்துக்க முடியாது. மத்த புள்ளைங்களும் பயப்படுதுங்க."

"நானென்ன பண்றதுங்க டீச்சர்? தண்ணியப் பாத்தாலே பயந்துக்குறா."

"நீங்க குளிர்ல நடுங்கறீங்க. அப்பாவே பயப்படுறார்னு அவ நெனைக்கறா. ஸ்வெட்டரக் கழட்டிட்டு கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள உக்காருங்க. ஈரத்தோட வெளிய நிக்கறதாலதான் இவ்வளவு குளிரு."

"கழுத்து வரைக்குமாங்க?"

அவன் முகத்தைப் பார்த்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏப்பா, டீச்சர் தலைய வெட்டித் தரச் சொன்ன மாதிரி முழிக்கற? உக்காருனுதானே சொன்னாங்க!"

"நீங்க செத்த நேரம் வாய மூடுனா பாதிக் குளிரு போயிரும்ங்கம்மா."

பிள்ளையை எல்சாவிடம் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினான். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர்! குளமே சிரித்தது. அதையும் கழற்றினான். அதற்குள்ளே உடம்போடு ஒட்டின முழுக்கை பனியன். "அது இருக்கட்டும்" என்றாள் எல்சா. இல்லாவிட்டால் இன்னும் என்னென்ன வந்திருக்குமோ.

மகளை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினான். "மாரியாத்தா" என்று முனகியபடி மெல்ல மெல்ல உட்கார்ந்தான். வயிறு, நெஞ்சு, தோள், கழுத்து. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பல் அடிக்கிற சத்தம் நின்றது. ஒரு கண்ணைத் திறந்து, "அட, உள்ள கதகதன்னு இருக்குதுங்க!" என்றான், என்னவோ அவனே அடுப்பு மூட்டின மாதிரி.

ஜீவிதாவின் பிடி தளர்ந்தது. அப்பனின் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தண்ணீரைப் படாரென்று அடித்தாள். பாலன் திட்ட வாயைத் திறந்தான், ஒரு மடக்கு குடித்தான். பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எல்சா அவள் வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் காலை உதைக்கச் சொன்னாள். உதைக்க முடியவில்லை. ஒரு காலைப் பாலன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

ஜீவிதா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, என்னைய உடு. நீ அந்தக் கம்பியப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டான், இரண்டு கையாலும்.